கேன், பாட்டில், ஆர்.ஓ., கொதிக்கவைத்த தண்ணீர்: மைக்ரோபிளாஸ்டிக்கை மனதில் வைத்து எதைத் தேர்ந்தெடுப்பது?

எங்கள் தெருமுனைக் கடை வாசலில் காலை பதினோரு மணிக்கு இறக்கிய தண்ணீர்க் கேன்கள் பிற்பகல் மூன்று மணிக்கும் அதே இடத்தில், அதே மே மாத வெயிலில் நின்றுகொண்டிருந்தன. ஒன்றின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. மாலையில் அதில் ஒன்று எங்கள் வீட்டுக்கு வரும். இரவில் அந்தத் தண்ணீரில்தான் தங்கையின் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைப்போம். பத்து வருடமாகக் கேன் வாங்குகிறோம். அன்றைக்குத்தான் அது உறைத்தது.

நாங்கள் இருப்பது தென்சென்னையில் ஒரு வாடகை அடுக்குமாடி வீடு. சமையலறைக் குழாயில் மெட்ரோ வாட்டர், குளியலறையில் போர் தண்ணீர், குடிக்கக் கேன். இந்த ஏற்பாட்டை மாற்றுவதா, மாற்றினால் எதற்கு என்று ஒரு மாதம் வீட்டில் பேச்சு ஓடியது. என் கணவர் ஆர்.ஓ. மெஷின் வாங்கிவிடலாம் என்றார். அம்மாவோ, "உங்களையெல்லாம் சுடவச்ச தண்ணி குடுத்துத்தானே வளர்த்தேன்" என்றார். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் எதற்கு வம்பு, சீல் வைத்த பாட்டிலே வாங்கலாம் என்பது தங்கையின் எண்ணம். நான் கிடைத்த ஆய்வுகளை எல்லாம் தேடிப் படித்தேன். எங்கள் முடிவையும், அதற்கு எப்படி வந்தோம் என்பதையும் எழுதுகிறேன். உங்கள் வீட்டுத் தண்ணீர் வேறாக இருந்தால் உங்கள் முடிவும் வேறாக இருக்கலாம்.

எண்களை எப்படிப் படிப்பது

5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துகளை மைக்ரோபிளாஸ்டிக், அதாவது நுண்நெகிழி என்கிறார்கள். 1 மைக்ரானுக்கும் கீழே போனால் அது நானோபிளாஸ்டிக். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதன் அளவு பிடிபடும்.

2018-ல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃப்ரெடோனியா வளாகத்தில், ஷெர்ரி மேசன் தலைமையிலான குழு 9 நாடுகளில் வாங்கிய 11 பிராண்டுகளின் 259 தண்ணீர் பாட்டில்களைச் சோதித்தது. இந்தியாவில் வாங்கியவையும் அவற்றில் உண்டு. 93 விழுக்காடு பாட்டில்களில் பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன. சராசரியாக லிட்டருக்கு 325. பிறகு 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, அமெரிக்கக் கடைகளில் அதிகம் விற்கும் 3 பிராண்டுகளை லேசர் ஒளி கொண்டு ஆராயும் புதிய முறையில் பார்த்தது. அவர்களுக்குக் கிடைத்த சராசரி லிட்டருக்கு 2,40,000. அதில் பத்தில் ஒன்பது பங்கு நானோபிளாஸ்டிக்.

325 எங்கே, 2,40,000 எங்கே! ஆறு வருடத்தில் தண்ணீர் அவ்வளவு கெட்டுவிட்டதாக இதைப் படிக்கக்கூடாது. முதல் குழுவின் கருவிக்குத் தெரியாத சின்னத் துகள்கள் இரண்டாவது குழுவின் கருவிக்குத் தெரிந்தன, அவ்வளவுதான். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு ஆய்வில் குழாய்த் தண்ணீருக்குக் கிடைத்த எண்ணையும், இன்னொரு ஆய்வில் பாட்டிலுக்குக் கிடைத்த எண்ணையும் அருகருகே வைத்து "இது நல்லது, அது கெட்டது" என்று காட்டும் செய்திகள் நிறைய வருகின்றன. அந்த ஒப்பீடு செல்லாது. ஒரே குழு, ஒரே முறையில் இரண்டையும் அளந்திருந்தால் மட்டுமே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மற்றபடி நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: துகள் எங்கிருந்து தண்ணீரில் விழுகிறது?

அந்தக் கேள்விக்கு ஆய்வுகள் தெளிவாகவே பதில் சொல்கின்றன. ஃப்ரெடோனியா ஆய்வில் கிடைத்த பெரிய துகள்களில் பாதிக்கு மேல் பாலிப்ரொப்பிலீன். பாட்டில் மூடி செய்யும் பிளாஸ்டிக் அது. கொலம்பியா ஆய்வில் பாட்டில் செய்யும் 'பெட்' பிளாஸ்டிக்கைவிட அதிகமாகக் கிடைத்தது பாலிஅமைடு என்ற நைலான் வகை. அது எங்கிருந்து வந்திருக்கும்? பாட்டிலில் அடைக்கும் முன் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஃபில்டர்களிலிருந்து வந்திருக்கலாம் என்பது அந்தக் குழுவின் கணிப்பு. ஆக, தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வந்தது என்பதைவிட, கடைசியாக எதன் வழியாக வடிந்தது, எதில் தங்கியது, எப்படித் திறக்கப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் வீட்டு முடிவு முழுவதும் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு எடுத்ததுதான்.

முதலில் கிருமி, பிறகு பிளாஸ்டிக்

ஒப்பிடுவதற்கு முன் ஒரு வரிசையை நிலைநாட்ட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் குடிநீரில் உள்ள மைக்ரோபிளாஸ்டிக் பற்றி அறிக்கை வெளியிட்டது. 150 மைக்ரானுக்குப் பெரிய துகள்கள் உடம்பில் சேராமல் வெளியேறிவிடும், சின்னத் துகள்களைப் பற்றி இன்னும் ஆராய வேண்டும், ஆனால் குடிநீரில் இன்றைக்கும் பெரிய ஆபத்து நோய்க்கிருமிகள்தான் என்றது அந்த அறிக்கை. அதன் பிறகு வந்த செய்திகள் கவலையைக் கூட்டியிருக்கின்றன என்பதும் உண்மை. 2024 மார்ச்சில் இத்தாலிய மருத்துவர்கள், கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு நீக்க அறுவை சிகிச்சை செய்துகொண்ட 257 பேரைத் தொடர்ந்து கவனித்து எழுதினார்கள். 58 விழுக்காட்டினரின் அடைப்பில் பாலிஎத்திலீன் துகள் இருந்தது. அப்படி இருந்தவர்களுக்கு ஏறக்குறைய மூன்று வருடத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 4 மடங்குக்கு மேல். பிளாஸ்டிக்தான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. அந்தத் துகள் குடிநீரிலிருந்து வந்ததா, மூச்சுக்காற்றிலிருந்து வந்ததா என்பதும் அதில் இல்லை. எனக்கு அது கவனமாக இருக்கப் போதுமான காரணம். பீதியடையப் போதுமான காரணம் இல்லை.

ஆகவே பிளாஸ்டிக்குக்குப் பயந்து குழாயைத் திறந்து அப்படியே குடிப்பது என்பது எங்கள் பட்டியலிலேயே இல்லை. மழைக்காலத்தில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து தெருவே வயிற்றுப்போக்கில் படுப்பதை இந்த ஊரில் பார்த்திருக்கிறோம். மஞ்சள் காமாலையும் டைஃபாய்டும் வரும் வழி அது. கிருமியை ஒழிக்காத எந்த வழியும் எங்களுக்கு வழியே இல்லை.

கடைப் பாட்டில்

தங்கையின் யோசனையை முதலில் எடுத்துக்கொண்டோம், ஏனென்றால் அதுதான் சீக்கிரம் கழிந்தது. கனடா ஆய்வாளர்கள் 2019-ல் போட்ட ஒரு கணக்கில், குடிக்க வேண்டிய தண்ணீர் முழுவதையும் பாட்டிலிலேயே குடிப்பவருக்கு வருடத்துக்கு 90,000 துகள்கள் கூடுதலாகச் சேரும். குழாய்த் தண்ணீர் மட்டும் குடிப்பவருக்கு 4,000. இந்த இரண்டும் ஒரே குழு போட்ட கணக்கு. அது அமெரிக்கர்களின் உணவுப் பழக்கத்தை வைத்துப் போட்டது, நம் குழாய்க்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் எது மேலே எது கீழே என்று காட்டிவிடுகிறது.

மூடியைத் திருகும்போது மூடியும் கழுத்தும் உரசுகின்றன. இதைத் தனியாகச் சோதித்த மிலான் ஆய்வாளர்கள், திறந்து மூடத் திறந்து மூட மூடியிலும் கழுத்திலும் துகள்கள் கூடுவதைக் கண்டார்கள். காலி பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்து மாதக்கணக்கில் பயன்படுத்தும் பழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா? ஒருமுறை பயன்படுத்த என்று செய்த பாட்டிலை அப்படி நூறுமுறை திருகுகிறோம். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவிலும் ஐந்து இருந்தன. அன்றே எடுத்துவிட்டேன்.

அப்படியானால் கண்ணாடி பாட்டில் தண்ணீர்? பெரிய உணவகங்களில் கண்ணாடியில் தருகிறார்கள், கூடுதல் விலைக்கு. 2025-ல் பிரான்சின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான ஆன்செஸ் வெளியிட்ட முடிவு பலரையும் திகைக்கவைத்தது. கண்ணாடி பாட்டிலில் வரும் குளிர்பானம், பீர் ஆகியவற்றில் லிட்டருக்கு சராசரியாக 100 துகள்கள். பிளாஸ்டிக் பாட்டிலிலும் டின்னிலும் இருப்பதைவிடப் பல மடங்கு. காரணம் கண்ணாடி இல்லை. உலோக மூடியின் வெளிப்புறப் பெயின்ட் உரசி உள்ளே விழுந்திருக்கிறது. தண்ணீரில் மட்டும் எண்ணிக்கை குறைவு: கண்ணாடியில் லிட்டருக்கு 4.5, பிளாஸ்டிக்கில் 1.6. மூடியை ஊதிக் கழுவிவிட்டு மூடினால் துகள்கள் 60 விழுக்காடு குறைந்தன என்றும் அவர்களே சொன்னார்கள். கண்ணாடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்ற என் எண்ணம் அதோடு போயிற்று. மூடியையும் பார்க்க வேண்டும்.

கேன் தண்ணீர்

இதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். நம் நகரங்களில் பாட்டிலைவிடக் கேன்தான் வீட்டுத் தண்ணீர். ஆனால் மேலே சொன்ன ஆய்வுகளில் எதுவும் 20 லிட்டர் கேனை எடுத்துப் பார்க்கவில்லை. ஆகவே தெரிந்தவற்றை வைத்து நாமாகத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதல் விஷயம், கேன் தண்ணீரும் பெரும்பாலும் ஆர்.ஓ. தண்ணீர்தான். போர் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ ஆலையில் ஆர்.ஓ. சவ்வு வழியாக வடித்து, புற ஊதா ஒளியோ ஓசோனோ காட்டி அடைக்கிறார்கள். அதாவது வீட்டு ஆர்.ஓ.வின் குறைகள் எல்லாம் இதிலும் உண்டு. அதற்கு மேல் கேனும், அதன் பயணமும், வெயிலும் சேர்கின்றன. வீட்டில் என்றால் ஃபில்டரை எப்போது மாற்றினோம் என்பதாவது நமக்குத் தெரியும்.

இரண்டாவது, கேன் திரும்பத் திரும்ப நிரப்பப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் குட்டியானை வண்டியில் ஏற்றி இறக்கி, தரையில் உருட்டி, உள்ளே கழுவி, மறுபடி அடைக்கிறார்கள். பழைய கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவு போய், கீறல் விழுந்து, பால் கலந்தது போல மங்கியிருக்கும். அந்தத் தேய்மானம் எங்கே போயிற்று? 2018-ல் ஜெர்மனியில் ஒரே குழு ஒரே முறையில் அளந்த ஒப்பீடு ஒன்று இருக்கிறது: ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலில் லிட்டருக்கு 14 துகள்கள், திரும்ப நிரப்பும் பிளாஸ்டிக் பாட்டிலில் 118. அவை நம் கேன்கள் அல்ல. ஆனால் நம் கேன் எந்தப் பக்கம் சாயும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மூன்றாவது வெயில். பல கேன்கள் பாலிகார்பனேட்டில் செய்தவை. அதன் மூலப்பொருளான பிஸ்பீனால்-ஏ, சூடு ஏற ஏறத் தண்ணீரில் அதிகமாகக் கரையும். ஐரோப்பிய ஒன்றியம் 2011-லேயே பால் புட்டிகளில் பாலிகார்பனேட்டைத் தடை செய்தது இதற்காகத்தான். அது துகள் அல்ல, ரசாயனம். ஆனால் கடை வாசலில் சுட்ட கேனை நினைக்கும்போது இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அரசு கண்காணிப்பு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அடைத்த குடிநீருக்கென்று ஐ.எஸ். 14543 என்ற இந்தியத் தரம் உண்டு. 2024 அக்டோபரில் அந்தத் தரத்துக்கான ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இல்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விலக்கிக்கொண்டது. அடுத்த மாதமே அடைத்த குடிநீரை 'அதிக ஆபத்துள்ள உணவு' வகையில் சேர்த்து, ஆலைகளுக்கு ஆய்வும் ஆண்டுத் தணிக்கையும் உண்டு என்றது. எந்த விதியிலும் மைக்ரோபிளாஸ்டிக்குக்கு உச்சவரம்பு கிடையாது. உணவிலுள்ள மைக்ரோபிளாஸ்டிக்கை அளக்கும் முறைகளை உருவாக்கவே அதே ஆணையம் 2024-ல்தான் ஒரு திட்டம் தொடங்கியது. ஆகவே சீலையும் முத்திரையையும் பார்த்து வாங்குவது கிருமி விஷயத்தில் உதவும். துகள் விஷயத்தில் அவை எதுவும் சொல்லாது.

கேனை விட முடியாதவர்களும் இருக்கிறார்கள். மேன்ஷனில், பி.ஜி.யில் இருக்கும் பிள்ளைகளுக்கு வேறு வழி இல்லை. அவர்களுக்கு என் யோசனை: மங்கிய, கீறிய கேனைத் திருப்பிக் கொடுங்கள். "அண்ணே, வேற கேன் குடுங்க" என்று கேட்டால் மாற்றித் தருகிறார்கள். நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். சுட்டிருந்தால் வாங்காதீர்கள். வந்தவுடன் எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள், கேனிலேயே நாலு நாள் நிற்க வேண்டாம்.

ஆர்.ஓ. மெஷின்

கணவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆர்.ஓ. சவ்வின் துளைகள் அவ்வளவு நுண்ணியவை. கரைந்த உப்பையே பிரிப்பது, மிதக்கும் பிளாஸ்டிக்கை விட்டுவிடாது. தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் துகளை நீக்குவதில் வீட்டில் இதை மிஞ்சிய கருவி இல்லை. புற ஊதா ஒளி மட்டும் காட்டும் யு.வி. மெஷின் கிருமியைக் கொல்லும், துகளைத் தொடாது. உப்பு குறைவான தண்ணீருக்கு யு.வி.யோடு, ஆர்.ஓ.வைவிடப் பெரிய துளைகள் கொண்ட யு.எஃப். சவ்வு சேர்ந்த மெஷின் போதும்.

குறை எங்கே என்றால், அந்தச் சவ்வே பாலிஅமைடு. அதற்கு முன்னால் உள்ள வெள்ளை ஸ்பன் ஃபில்டர் பாலிப்ரொப்பிலீன் நூல். சுத்தமான தண்ணீர் தேங்கும் டேங்க்கும் பிளாஸ்டிக்தான். நிறையத் துகளை எடுத்துவிட்டு, சிறிதளவைத் தானே சேர்க்கிறது. சர்வீஸ் செய்யாமல் இரண்டு வருடம் ஓட்டினால் நிலைமை மோசமாகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என்னைத் தடுத்தது அதைவிட வேறொன்று. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு வீட்டு ஆர்.ஓ. பெரும்பாலும் மூன்று லிட்டர் வரை கழிவாக வெளியே தள்ளுகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த ஊர்க்காரி நான். வீட்டுக்கு வீடு குடம் குடமாகக் கழிவுநீர்க் குழாயில் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும், கரைந்த உப்பின் அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. தேவையில்லை, தடை செய்யுங்கள் என்று உத்தரவிட்டது. இன்னொன்றையும் யோசித்தோம். தென்சென்னைக்கு வரும் மெட்ரோ வாட்டரில் நெம்மேலி கடல்நீர் ஆலையின் தண்ணீரும் சேர்கிறது. கடல்நீரை ஆர்.ஓ.வில் வடித்துத்தான் அங்கே குடிநீர் ஆக்குகிறார்கள். ஏற்கெனவே ஆர்.ஓ. செய்த தண்ணீரை வீட்டில் மறுபடி ஆர்.ஓ. செய்வதா?

ஆனால் இதே ஊரில், குடிக்கவும் போர் தண்ணீரை மட்டுமே நம்பும் புறநகர் வீடுகள் எத்தனையோ. டி.டி.எஸ். 1,500-க்கு மேல் போய், வாயில் வைக்க முடியாமல் கரிக்கும் தண்ணீர் அது. அங்கே ஆர்.ஓ.தான் சரி, தயங்க வேண்டாம். கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்க, டாய்லெட்டுக்கு ஊற்ற வைத்துக்கொள்ளலாம். மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ள முடியும். மெஷின் விற்க வருபவர் கையில் வைத்திருக்கும் மீட்டரை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்த மீட்டருக்கு உப்பு மட்டும்தான் தெரியும். கிருமியும் தெரியாது, பிளாஸ்டிக்கும் தெரியாது.

அம்மாவின் வழி

2024 பிப்ரவரியில் சீனாவின் குவாங்சோ மருத்துவப் பல்கலைக்கழகமும் ஜினான் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. தண்ணீரை 5 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வடிகட்டினார்கள். கடினத்தன்மை, அதாவது கரைந்த சுண்ணாம்பின் அளவு, லிட்டருக்கு 300 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் 90 விழுக்காடு வரை பிளாஸ்டிக் துகள்கள் நீங்கின. காரணம் எளிமையானது. கொதிக்கும்போது தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து படிகிறது; படியும்போது பக்கத்தில் மிதக்கும் துகள்களையும் சுற்றி இழுத்துக்கொள்கிறது. நம் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏறும் அந்தப் படிவுதான். உப்புத் தண்ணீர் என்று எத்தனை முறை சலித்துக்கொண்டு அதைத் தேய்த்திருக்கிறோம்! அது பிளாஸ்டிக்கையும் பிடித்துவைத்திருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும், செய்திகளில் இதை விட்டுவிடுகிறார்கள். சுண்ணாம்பு குறைவான மென்மையான தண்ணீரில் அதே முறையில் 25 விழுக்காடுதான் நீங்கியது. அப்படியானால் கடல்நீர் ஆலைத் தண்ணீர் அதிகம் கலந்து வரும் நாட்களில் எங்கள் வீட்டில் பலன் குறையும். எங்கள் வெந்நீர்ப் பாத்திரத்தில் சில வாரம் படிவு நன்றாக ஏறுகிறது, சில வாரம் ஏறவே இல்லை. 90 என்ற எண்ணை என்னுடையது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

அப்படியிருந்தும் இதையே தேர்ந்தெடுத்தோம். கிருமி சாகிறது, அது முதல் நிபந்தனை. துகள் கொஞ்சமோ நிறையவோ குறைகிறது. எல்லாவற்றையும்விட, இந்த வழியில் நாமாகப் புதிதாக ஒரு பிளாஸ்டிக்கையும் சேர்ப்பதில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் கொதித்து, எவர்சில்வரிலேயே ஆறி, எவர்சில்வரிலேயே தங்குகிறது. ஆலைச் சவ்வு, கேன், மூடி, டிஸ்பென்சர் என்ற நாலு கட்டங்கள் ஒரேயடியாகக் கழிகின்றன. குழாய்த் தண்ணீருக்கும் பி.வி.சி. பைப் இருக்கிறது, பல வீடுகளில் மொட்டைமாடியில் பிளாஸ்டிக் டேங்க்கும் இருக்கிறது என்பது தெரியும். எங்கள் கட்டடத்தில் சிமெண்ட் தொட்டி என்பது நாங்கள் பெற்ற பேறு.

வடிகட்டும் இடத்தில் கவனம் வேண்டும். டீக்கடையிலும் வீட்டிலும் இருக்கும் வெள்ளை வலை வடிகட்டி பெரும்பாலும் நைலான். கொதிநீரை அதில் ஊற்றுவது செய்த வேலையைக் கெடுப்பது. தெளியவைத்து மேல் தண்ணீரை மெல்ல இறுத்து, நாலாக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டலாம். எங்களுக்கு இன்னும் நல்ல வழி பரணில் கிடந்தது. அம்மாவின் பழைய எவர்சில்வர் ஃபில்டர்: மேல் அடுக்கில் இரண்டு வெள்ளைப் பீங்கான் கேண்டில்கள், கீழ் அடுக்கில் தண்ணீர். எங்கள் பள்ளிக்கூட நாட்களில் ஏறக்குறைய எல்லா வீட்டுச் சமையலறையிலும் இருந்தது அது. புதுக் கேண்டில் இரண்டு வாங்கிப் போட்டோம், பிளாஸ்டிக் குழாயை எடுத்துவிட்டு ஸ்டீல் குழாய் மாட்டினோம். சுடவைத்து ஆறிய தண்ணீரை இரவில் மேலே ஊற்றினால் காலையில் கீழே நிறைந்திருக்கும். நானோபிளாஸ்டிக்கை அந்தக் கேண்டில் பிடிக்கும் என்று நான் நம்பவில்லை. படிவையும் பெரிய துகளையும் பிடிக்கும். வாரம் ஒருமுறை கேண்டிலைத் தேங்காய் நாரால் மெதுவாகத் தேய்த்துக் கழுவி, வெந்நீரில் போட்டு எடுக்கிறோம். இல்லாவிட்டால் அதுவே கிருமி வளரும் இடமாகிவிடும்.

செலவையும் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 10 லிட்டர் கொதிக்கவைக்க மாதம் ஏறக்குறைய 4 கிலோ கேஸ் ஆகும். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் 250 ரூபாய்ச் சொச்சம். எங்கள் தெருவில் கேன் 40 ரூபாய். மாதம் 15 கேனுக்கு 600 ஆகிக்கொண்டிருந்தது. பணத்தில் லாபம், உழைப்பில் கூடுதல். அந்த உழைப்பு யார் தலையில் விழுகிறது என்பதை வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இரவு பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவது கணவரின் வேலை.

செம்புக் குடம், மண்பானை பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: செம்பு சில கிருமிகளைக் கொல்லும், பானை குளிர்விக்கும், பிளாஸ்டிக்கை இரண்டும் எடுக்காது. சேர்க்காது என்பதே அவற்றின் பெருமை. பானைக்குப் பிளாஸ்டிக் குழாய் மாட்டாமல் இருந்தால்.

சூடும் பிளாஸ்டிக்கும்

தண்ணீரைப் பற்றித் தேடப்போன இடத்தில், தண்ணீரைவிடப் பெரிய விஷயம் ஒன்று கண்ணில் பட்டது. 2020-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் பாலிப்ரொப்பிலீன் பால்புட்டிகளைச் சோதித்தார்கள். வெந்நீர் ஊற்றிக் குலுக்கியபோது லிட்டருக்கு 1.6 கோடி துகள்கள் வரை உதிர்ந்தன. 25 டிகிரி தண்ணீரில் சில லட்சம்; 95 டிகிரியில் கோடிகள். எந்தத் தண்ணீர் வாங்குவது என்று நாங்கள் மாதம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தபோது, இரவு இரண்டு மணிக்கு அந்த வெந்நீரைப் பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றிக் குலுக்கிக்கொண்டிருந்தோம். படித்த அன்று தங்கை அழுதுவிட்டாள்.

அவள் அழ வேண்டியதில்லை, இதற்கு வழி இருக்கிறது. பால் பவுடரை எவர்சில்வர் டம்ளரிலோ கண்ணாடியிலோ வெந்நீரில் கரைத்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு புட்டிக்கு மாற்றலாம். பவுடரில் இருக்கக்கூடிய கிருமிக்காகத் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதால் வெந்நீரைக் கைவிடக்கூடாது; பிளாஸ்டிக்கைத்தான் விட வேண்டும். நாங்கள் கண்ணாடிப் புட்டிக்கு மாறிவிட்டோம்.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். கரக்பூர் ஐ.ஐ.டி. 2020-ல் சோதித்தபோது, காகிதக் கப்பில் 100 மில்லி சூடான பானம் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 துகள்கள் உதிர்ந்தன. காகிதம் ஊறாமல் இருக்க உள்ளே பூசிய மெல்லிய பிளாஸ்டிக் அது. கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைக் கவரில் கட்டி வாங்குவதையும், ஆபீசுக்கு டீயைப் பிளாஸ்டிக் கவரில் பார்சல் வாங்குவதையும் இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். வீட்டுத் தண்ணீரை மாற்றாமல் இதை மட்டும் நிறுத்தினாலும் பெரிய வேலை செய்தவர் ஆவீர்கள். டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் கேளுங்கள். தூக்குவாளி எடுத்துப் போங்கள்.

எங்கள் முடிவும், மற்றவர்களுக்கு நான் சொல்வதும்

மெட்ரோ வாட்டர் மாதிரி நகராட்சித் தண்ணீர் ஒழுங்காக வரும் வீடு என்றால் கொதிக்கவைத்து எவர்சில்வரில் வையுங்கள். அதற்கு நேரம் இல்லை, தண்ணீரில் உப்பும் இல்லை என்றால் யு.வி., யு.எஃப். மெஷின். உப்புப் போர் தண்ணீர் மட்டுமே என்றால் ஆர்.ஓ., ஆனால் ஃபில்டரைத் தவணை தவறாமல் மாற்றி, தண்ணீரை டேங்க்கில் தேங்கவிடாமல் பாத்திரத்தில் பிடித்துவையுங்கள். கேன், மேலே எதுவும் இயலாதவர்களுக்கு. ஒருமுறை பாட்டில் பயணத்தில் வேறு வழியே இல்லாதபோது. வெளியே போகும்போது ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போனால் அந்தத் தேவையும் குறையும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை விதித்து வழியெங்கும் தண்ணீர் ஏ.டி.எம். வைத்தார்கள். அங்கே போனபோது எங்கள் ஸ்டீல் பாட்டிலை அவற்றில் நிரப்பிக்கொண்டோம். ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் இப்படி வைத்தால் ஏழைப் பயணிக்கும் இந்தத் தேர்வு கிடைக்கும். இன்றைக்கு அவருக்கு வெயிலில் காய்ந்த பாட்டில்தான்.

கேனை முழுவதும் விட்டுவிடவில்லை. மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் கலங்கியோ வாடையோடோ வந்தால் அந்த நாட்களுக்குக் கேன் வாங்குவோம், அதையும் சுடவைத்துக் குழந்தைக்குக் கொடுப்போம். கேன் போடும் தம்பியிடம் இனி வாராவாரம் வேண்டாம் என்று சொன்னபோது, "ஏன்க்கா, தண்ணி நல்லா இல்லையா?" என்று கேட்டார். தண்ணீரில் குறையில்லை, வெயிலில் வைப்பதுதான் என்றேன். மறுநாள் மாலை அந்த வழியாக வந்தபோது கேன்களின் மேல் ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது.